உறை மருந்து

வீட்டுக்குள் நுழையும்போது இப்போதெல்லாம் நண்டுக்குக் காலுக்கு முன்னால் மூக்கு நின்றுவிடும்.

வீடு என்றால் பெரிய வீடு ஒன்றும் இல்லை. முன்னால் லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிற கடை. டயர்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். காற்றடிக்கிற மெஷின் ஒரு மூலையில், ட்யூபை முக்கிப் பார்க்கிற சிமென்ட் தொட்டி இன்னொரு மூலையில். தொட்டித் தண்ணீர் பிறந்ததிலிருந்தே கறுப்பு. அதைத் தாண்டி ஒரு கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் அடுப்பு, கட்டில், துணிக் கொடி, அவ்வளவுதான். ரப்பர் வாடையும் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் வாடையும் அப்பா, அம்மா, மகள் நண்டு என்று மூன்று பேரின் தலைமுடியிலும் குடியிருந்தன. நண்டுக்கு அந்த வாடை பிடிக்கும். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெஞ்சுக்காரிகள் மூக்கைப் பிடித்தபோதுகூட அவள் கோபப்பட்டதில்லை.

இப்போது வருவது அது இல்லை. அதற்கு அடியில் இன்னொன்று. இனிப்பாக இருக்கும். மூடின டப்பாவில் மறந்துபோய் வைத்த பழம் மாதிரி. இனிப்பாக இருப்பதுதான் கொடுமை. வெறும் நாற்றமாக இருந்தால் மூக்கைப் பொத்திக்கொள்ளலாம். இது தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

"ஏய் நண்டு, அந்த லைட்ட இப்படித் திருப்பு. மருந்து அப்பா கால்லதான் போடணும், சுவத்துல இல்ல."

அம்மா கட்டிலுக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் அப்பாவின் இடது கால். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கொடியில் கிடந்த துணிகள் காயவும் இல்லை, நனையவும் இல்லை. நண்டு டார்ச்சைத் திருப்பினாள். கண்ணை மட்டும் வேறு எங்கேயோ வைத்துக்கொண்டாள்.

"அவ மூஞ்சியப் பாரு," என்றார் அப்பா. "செத்த பெருச்சாளியத் தூக்கிப் போடச் சொன்ன மாதிரி."

"அப்படில்லாம் ஒண்ணுமில்லப்பா."

"பின்ன ஏன்டி வாய் வழியா மூச்சு விடுற? நானும் பாத்துட்டுத்தான் இருக்கேன்."

நண்டு வாயை மூடினாள். மூடினதும் அந்த இனிப்பு உள்ளே வந்தது.

டயரைக் கழற்றும்போது இரும்புப் பட்டை நழுவிக் கால்மேல் விழுந்ததில் வந்த காயம். வேறு யாருக்காவது என்றால் கட்டுப் போட்டு மறந்திருப்பார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை. சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் ஒரு கீறலாக இருந்தது குழியாகி, குழி பக்கத்து விரலையும் பிடித்துக்கொண்டது. அம்மா துணியை மெதுவாக உரித்தாள். கடைசிச் சுற்று ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. ஈரத்தில் ஸ்டிக்கர் உரிகிற மாதிரி ஒரு சத்தம். உள்ளே வெளுத்த ஓரம், அதற்கு நடுவே வழவழவென்று ஏதோ. துணியெல்லாம் பச்சை.

அம்மா அந்தத் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள், ஏதோ புதுச் சேலையை விரித்துக் காட்டுகிறவள் போல.

"பாருங்க. நேத்தவிட இன்னிக்கு நல்லா எறங்கியிருக்கு. இலைச் சாறு உள்ள போய் வேலை பாத்துட்டு வெளிய வருது. என்ன பச்சை பாருங்க."

"நீ போட்டா பச்சை வராம செவப்பா வரும்?" என்றார் அப்பா. ஆனால் அவர் குரலிலும் ஒரு பெருமை இருந்தது.

பக்கத்தில் ஐஸ்கிரீம் டப்பா. அதில்தான் மருந்து. கடைக்குப் பின்னால் குப்பைமேட்டு ஓரத்தில் மண்டிக் கிடக்கிற குப்பைமேனி இலையைப் பறித்து, மஞ்சள் வைத்து அரைத்து, எண்ணெய் விட்டுக் குழைத்தது. அந்த டப்பாவை அம்மா ஒருநாளும் கழுவினதில்லை. அடியில் ஒரு கரண்டி பழசு எப்போதும் கிடக்கும். புதுசாக அரைத்ததை அதன் மேல்தான் கொட்டிக் கலக்குவாள். கலக்கியதை அடுப்புப் பக்கம், இளஞ்சூட்டில் வைப்பாள். யாரும் அவளுக்கு இதைச் சொல்லித்தரவில்லை. அவள் காலேஜ் ஹாஸ்டல் கேன்டீனில் அண்டா அண்டாவாகத் தயிர் தோய்க்கிறவள். பழசில் ஒரு கரண்டி விழுந்தால் புதுசு மாறும் என்பது அவள் கைக்குத் தெரிந்த சங்கதி.

"வெறும் இலைய அரைச்சா அது தொவையல்," என்பாள். "உறை விழுந்தாத்தான் மருந்து."

அப்படி அவள் சொல்லும்போது நண்டுகூடச் சிரித்திருக்கிறாள்.

இதிலெல்லாம் நண்டின் பங்கு ஒன்று இருந்தது. அதுதான் அவளுக்கு இப்போது சோறு இறங்கவிடாமல் செய்தது.

அம்மா வேலை பார்க்கிற ஹாஸ்டலில் தங்கி ஆராய்ச்சி படிக்கிற ஒரு அக்கா இருந்தாள். செடிகொடிகளைக் காய வைத்து, சாறு எடுத்து, அது கிருமியைக் கொல்கிறதா என்று பார்க்கிற படிப்பு. நண்டுக்குப் பள்ளிக்கூடத்து அறிவியல் கண்காட்சியில் ஏதோ செய்து காட்ட வேண்டியிருந்தது. அம்மா தயிரில் ஒரு கரண்டி கூடப் போட்டு அந்த அக்காவைப் பிடித்துக் கொடுத்தாள். லீவு நாளில் நண்டு லேப்புக்குப் போக ஆரம்பித்தாள். லேப் அக்காவுக்கு வாய் நீளம், மனசு நல்லது.

"கையைக் கழுவிட்டு உள்ள வா. போகும்போதும் கழுவிட்டுப் போ. நடுவுல மூக்க நோண்டுனா வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

அங்கேயும் நாற்றம்தான். கிருமி வளர்த்த பழைய தட்டுகளைப் பெரிய குக்கரில் போட்டு வேக வைக்கிற நாளில் வராண்டா முழுக்கச் செத்த எலியைச் சூப் வைத்த வாடை அடிக்கும். ஆனால் அந்த நாற்றத்துக்கு ஒரு மூடி இருந்தது, ஒரு கையுறை இருந்தது. நண்டு அதைத் தாங்கிக்கொண்டாள்.

அம்மாவின் இலை என்று சொல்லி ஒரு கட்டு குப்பைமேனியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். லேப் அக்கா அதைக் கழுவி, நிழலில் காய வைத்து, பொடித்து, சாராயத்தில் ஊறப்போட்டு, சாராயத்தை ஆவியாக ஓட்டிவிட்டு மிஞ்சிய பிசினைக் கரைத்தாள். கண்ணாடித் தட்டில் ஜெல்லி மாதிரி இறுகிக் கிடக்கும் ஒரு படலம். அதன் மேல் கிருமியைப் பஞ்சால் தடவி, குட்டிக் குட்டிக் குழி தோண்டி, ஒரு குழியில் இலைச் சாறு, இன்னொன்றில் வெறும் கரைசல். சூட்டுப் பெட்டியில் ராத்திரி முழுக்க வைத்து மறுநாள் எடுத்துப் பார்த்தால், தட்டு முழுக்கப் பால் கொட்டினாற்போல் மங்கல். இலைக் குழியைச் சுற்றி மட்டும் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுத்தமான வட்டம்.

"சும்மா சொல்லக்கூடாது," என்றாள் லேப் அக்கா. "உங்கம்மா இலை அடிக்குது. ஆனா இங்க பாரு, தட்டுல அடிக்கிறது வேற, உடம்புல அடிக்கிறது வேற. வீட்டுல போய் உளறி வைக்காத."

நண்டு வீட்டுக்குப் போய் உளறினாள். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே உளறினாள்.

அதற்கப்புறம் கடைக்கு வருகிற லாரிக்காரர்களுக்கெல்லாம் அப்பா காலைத் தூக்கிக் காட்டி, "லேப்லயே வச்சுப் பாத்துட்டாங்க. சுத்தி ஒரு கிருமி இல்லையாம். வெட்டவெளியாம்," என்று சொல்ல ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியில் புண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும், விரல் தங்குமா என்று அப்புறம்தான் சொல்ல முடியும் என்று தேதி கொடுத்திருந்தார்கள். அந்தத் தேதி வந்தது. அப்பா குளித்துவிட்டு, சட்டை போட்டுக்கொண்டு, கடையைத் திறந்து உட்கார்ந்துவிட்டார்.

"அவனுங்களுக்கு வெட்டத்தான் தெரியும். எம்பொண்ணு லேப்புல பாத்துட்டா."

அந்த வாரமே புண்ணைச் சுற்றின சிவப்பு கணுக்காலைத் தாண்டியது. ராத்திரியில் அப்பாவுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. "மழை," என்றாள் அம்மா, இரண்டு போர்வையைச் சேர்த்துப் போர்த்தினாள். நண்டு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, எனக்கு என்ன தெரியும், எனக்கு என்ன தெரியும் என்று தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அம்மா வேலைக்குப் போனதும் மாத்திரைச் சீசா ஒன்றைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, ஐஸ்கிரீம் டப்பாவிலிருந்து கொஞ்சம் மருந்தை வழித்துப் போட்டுக்கொண்டாள். மேலே பச்சை, உள்ளே கறுப்பு. கரண்டியைத் தூக்கினால் எச்சில் போல நூலாக வந்தது.

"தெரிஞ்சவங்க ஒருத்தங்க இதப் புண்ணுல பூசுறாங்கக்கா," என்று லேப் அக்காவிடம் சொன்னாள். "அதே இலைதான். இதையும் வச்சுப் பாப்பமா?"

"இலைய ஏன் இப்படிக் கொலை பண்ணி வச்சிருக்காங்க?" லேப் அக்கா சீசாவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். "சரி, வைப்போம்."

அடுத்த நாள் சூட்டுப் பெட்டியைத் திறந்தவள் நண்டுதான். லேப் அக்கா ஜன்னல் பக்கம் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். நண்டு தட்டை எடுத்தாள். வட்டம் இல்லை. வட்டம் இருக்க வேண்டிய இடத்தில், குழிக்குள்ளிருந்து ஏதோ வழிந்து வெளியே நடந்து வந்திருந்தது. ஓரமெல்லாம் கிழிந்த துணி மாதிரி, மேலே எண்ணெய் பூசின பளபளப்பு. தட்டில் முதலில் தடவியிருந்த கிருமியையே அது மேய்ந்துகொண்டு போயிருந்தது. அதைச் சுற்றி ஜெல்லிக்குள்ளேயே சாயம் இறங்கியிருந்தது.

பச்சை. நண்டு தினமும் பார்க்கிற பச்சை.

மூடியைக் கொஞ்சம் தூக்கினாள். இனிப்பாக வந்தது.

"மூடு. லூசா நீ? மோந்தா பாப்பாங்க?" லேப் அக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். தட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னடி இது, மருந்தா சாக்கடையா? மருந்துக்குள்ளயே இருந்து வந்திருக்கு. இதத்தான் பூசுறாங்களா?"

"அந்தப் பச்சை... அது இலையோடது இல்லையாக்கா?"

"இலை ஜெல்லிக்குள்ள இப்படி ஓடாது. அந்தக் கிருமி கக்குற பச்சை இது. ஈரத்துல, சூட்டுல விட்டா தின்னு கொழுத்துரும். இந்த ரகம் உங்க இலைக்கெல்லாம் அடங்காது. நாம வச்ச சாறு சாராயத்துல ஊறினது, அதுல எது உசுரோட இருக்கும்? இது அரைச்ச கையும், டப்பாவும், பழசும் புதுசும்..." அவள் நண்டின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "யாரு வீட்டுலன்னு சொன்ன?"

நண்டு சொல்வதற்கு வாயைத் திறந்தாள். கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டு, காலையில் தின்ற ரொட்டியும் டீயும் போன பின்னும் வெறும் வயிற்றைப் பிடுங்கிப் பிடுங்கிக் கக்கினாள். லேப் அக்கா பின்னால் வந்து அவள் சடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாவா?"

தலையாட்டினாள்.

"காய்ச்சல் இருக்கா?"

அதற்கும் தலையாட்டினாள்.

"இன்னிக்கே கூட்டிட்டுப் போ. நாளைக்குன்னு யாராவது சொன்னா கேக்காத. கால் மட்டும் இல்ல, ஆளே போயிருவாங்க. புரியுதா? நான் வரவா?"

"வேணாம்க்கா. அம்மாகிட்ட நான்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். அம்மாவிடம் என்னவென்று சொல்வது? தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து, மழையில் நனைந்து இலை பறித்து, வேலைக்குப் போகுமுன் மடியில் அந்தக் காலை வைத்துக்கொள்கிறவளிடம்? வாய் வழியாக மூச்சு விடாத ஒரே ஆள் அந்த வீட்டில் அம்மாதான்.

லேப் அக்கா தட்டை வீட்டுக்குக் கொடுக்க முடியாது என்றாள். நண்டின் போனில் படம் எடுத்துக் கொடுத்தாள்.

வழியெல்லாம் நண்டு சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கடைக்கு வந்தபோது அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து, காலை ஒரு டயர்மேல் தூக்கி வைத்துக்கொண்டு, தொட்டியில் ட்யூபை முக்கிக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. மழையிலும் வேர்த்திருந்தது. லாரிக்காரர் ஒருவர் தூர நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார். வழக்கமாகத் தொட்டி விளிம்பில் உட்காருகிற ஆள்.

"என்னய்யா, ஊதுபத்தி ஏதாவது கொளுத்தக் கூடாதா கடையில?"

"ரப்பர் வாடை பழகலையா உனக்கு?"

"ரப்பர் எனக்குப் பழகும். இது ரப்பர் இல்ல."

அப்பா தொட்டிப் பக்கம் குனிந்துகொண்டார். குமிழி வந்த இடத்தில் பென்சிலால் சுழித்தார். லாரிக்காரர் பீடியை அணைத்துவிட்டு, "நான் டீ குடிச்சிட்டு வரேன்," என்று போனார்.

உள்ளே அம்மிச் சத்தம்; கேன்டீன் வேலை முடிந்து அம்மா வந்துவிட்டிருந்தாள். நண்டு போய் நின்றாள். அம்மா புது விழுதை வழித்து டப்பாவுக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். விரலாலேயே அடியிலிருந்து கிளறிக் கலக்கினாள்.

"அம்மா, அதப் போடாத."

"எத?"

"மருந்த. அது கெட்டுப் போச்சும்மா. அப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். இப்பவே."

"இப்பத்தான் அரைச்சேன், அதுக்குள்ள கெட்டுப் போச்சா?"

"லேப்புல வச்சுப் பாத்தோம். போன்ல படம் இருக்கு."

அம்மா கலக்குவதை நிறுத்தவில்லை. "உன் லேப்புதானே நல்லதுன்னு சொன்னுச்சு. இப்ப கெட்டதுங்குதா? அதுக்கென்ன ரெண்டு நாக்கா?"

"அது இலைம்மா. இது டப்பா."

"டப்பாவுக்கு என்ன வந்துச்சு?"

"அந்தப் பச்சை... துணில வருதுல்ல, அது இலையோட பச்சை இல்லம்மா. கிருமியோடது. இதுக்குள்ள இருந்துதான் போகுது. பழசுல இருந்து புதுசுக்கு, புதுசுல இருந்து அப்பா காலுக்கு. தயிர் மாதிரியேதான்மா. நீ சொன்ன மாதிரியேதான். உறை."

அந்தச் சொல் விழுந்த பிறகுதான் அம்மாவின் கை நின்றது. அவள் நண்டைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை நண்டு பார்த்ததில்லை. அடித்திருந்தால் தேவலை.

"அப்ப நான் தினமும் அவருக்கு விஷம் வச்சிட்டு இருக்கேன்."

"அப்படிச் சொல்லலம்மா."

"அப்படித்தான் சொல்ற. படிச்சவ, நேரா சொல்லு." அம்மா டப்பாவுக்குள் இரண்டு விரலை விட்டு வழித்தாள். நுனியில் பச்சையும் கறுப்புமாகத் தொங்கியது. "இது விஷமா? என் கையால அரைச்சது விஷமா? பாரு."

வாயில் வைத்துக்கொண்டாள்.

நண்டு "அம்மா," என்று கத்தினாள். அம்மா விரலைச் சப்பினாள், குழந்தைக்குச் சோறு ஊட்டிவிட்டு மிச்சத்தை நக்குகிற மாதிரி. உதட்டு ஓரத்தில் பச்சை வழிந்தது. அம்மா விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் முகத்தை மட்டும் சுளிக்கவில்லை.

"துப்பு," என்றார் அப்பா.

கதவைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியவில்லை.

"துப்புடி. வாயக் கொப்புளி. நண்டு, அந்த போனக் குடு."

படத்தை ரப்பர் படிந்த கட்டைவிரலால் பெரிதாக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அம்மா அரைத்த கல்லுக்குப் பக்கத்தில் சுருட்டிக் கிடந்த, காலையில் பிரித்த கட்டுத் துணியைப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே பச்சைதானா?"

"ஆமாப்பா."

"வாடையும்?"

"வாடையும்."

அப்பா போனை நண்டிடம் திருப்பிக் கொடுத்தார். வெளியே காற்று மெஷின் தானாக ஒருமுறை உறுமி நின்றது.

"கண்ணால பாத்தா எல்லா ட்யூப்பும் நல்ல ட்யூப்தான்," என்றார் அம்மாவிடம், மெதுவாக. "தொட்டில முக்காம நான் ஒருத்தனுக்காவது மாட்டி விட்டிருக்கேனா, சொல்லு. இவ முக்கிப் பாத்துட்டு வந்திருக்கா. குமிழி வருது. அதுக்கு நீ ஏன் அழுவுற, நான் ஏன் கோவப்படணும்? வண்டியக் கூப்பிடு. நீயும் வா. டாக்டர்கிட்ட சொல்லி உன் வாய்க்கும் ஒரு ஒட்டுப் போடச் சொல்றேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் மட்டும் பல் தந்தியடிக்கச் சிரித்தார்.

ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்த நர்ஸ் முகத்தைத் திருப்பி ஒருமுறை மூச்சை இழுத்துக்கொண்டு குனிந்தாள். டாக்டர் மூக்கை மூடின துணிக்கு மேலேயே கையை வைத்துக்கொண்டார்.

"என்னத்தப் பூசினீங்க இதுல?"

அம்மா தரையைப் பார்த்தாள். நண்டு அம்மாவைப் பார்த்தாள்.

"நான்தான் சார்," என்றார் அப்பா. "கடைல இருக்குறதையெல்லாம் எடுத்துப் பூசினேன். கிரீஸ், சொல்யூஷன், எல்லாம். புத்தி இல்லாத ஆளு."

டாக்டர் திட்டின திட்டையெல்லாம் அப்பா வாங்கிக்கொண்டார். அப்புறம் உள்ளே கொண்டு போனார்கள். இரண்டு விரல் போய்விட்டது என்று சாயங்காலம் வந்து சொன்னார்கள். பாதம் தங்குமா என்று இப்போது சொல்ல முடியாதாம். காய்ச்சல் இறங்கட்டும், பார்க்கலாம் என்றார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பேச்சே வேறு என்றும் சொன்னார்கள். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று நண்டு கேட்கவில்லை.

வராண்டாவில் ஒரு பெஞ்சு. பெஞ்சுக்கு எதிரே ஒரு குழாய். அம்மா அந்தக் குழாய்க்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். சோப்பை விரல் இடுக்கிலெல்லாம் போட்டுத் தேய்த்தாள். நகத்துக்கடியில் இருக்கிற பச்சையை இன்னொரு நகத்தால் நோண்டினாள். வந்து உட்காருவாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்து போவாள். வரிசையில் குடத்தோடு நின்ற ஒரு பெண், "ஏம்மா, கையக் கழுவுறியா, தோல உரிக்கிறியா?" என்றாள். அம்மா வழிவிட்டு நின்று, அவள் போனதும் மறுபடி குழாயைத் திறந்தாள்.

கடைசியில் வந்து நண்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கை சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை.

"அந்தத் தட்டுல கைய வச்சாலும் தெரியுமா?"

"எந்தக் கைய?"

"கைய. மருந்து வச்ச மாதிரி என் கைய வச்சா. என் கைல இருக்கான்னு."

லேப்பில் முதல் நாள் லேப் அக்கா நண்டின் விரலையே ஒரு தட்டில் வைத்து அழுத்தச் சொல்லியிருந்தாள். மறுநாள் அதில் புள்ளி புள்ளியாக, கோலம் மாதிரி முளைத்துக் கிடந்தது.

"எல்லார் கைலயும் ஏதாவது இருக்கும்மா. என் கைலயும் இருந்துச்சு."

"நான் எல்லாரையும் கேக்கல," என்றாள் அம்மா.

இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள், எங்கே வைப்பதென்று தெரியாதவள் போல. சேலையில் வைக்கவில்லை, பெஞ்சில் வைக்கவில்லை. நண்டு ஒரு கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சோப்பு வாடை. அதற்கடியில் இலை. அதற்கும் அடியில் அது இருந்தது, அல்லது இருப்பதாக அவளுக்குப் பட்டது. வாயை இறுக்க மூடி, மூக்கு வழியாகவே மூச்சு விட்டுக்கொண்டு, அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.